தாய்மொழியை ஒதுக்கிய ஆங்கிலப் பயிற்சி

ஆண்டுதோறும் ஜூன் மாதம் எட்டாம் தேதி பிற்பகலில், சீன தேசத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த மாணவ மாணவியர், 'காவ்காவ்' என்று அவர்கள் வழங்கும் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையின் அந்நிய மொழி வினாத்தாளை எழுத உட்காருகின்றனர். 2024-ஆம் ஆண்டில் அப்பரீட்சைக்குப் பெயர் பதிவு செய்தோர் தொகை 1 கோடியே 34 லட்சத்தைத் தாண்டியது. மொத்த மதிப்பெண் 750. அதில் சீன மொழிக்கும் கணிதத்துக்கும் எவ்வளவோ அவ்வளவே, அதாவது 150, அந்நிய மொழிக்கும் உண்டு. ருஷ்ய மொழியையோ ஜப்பானிய மொழியையோ பிரெஞ்சையோ தேர்ந்துகொள்ள விதி இடந்தருகிறது என்றாலும், மிகப் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலமே. அதைக் கடந்து சர்வகலாசாலைக்குள் நுழைந்தோரை, ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் நான்காம் நிலை, ஆறாம் நிலைக் கல்லூரி ஆங்கிலத் தேர்வுகள் எதிர்கொள்கின்றன. அதற்கும் அப்பால் மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்போருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறைந்தபட்ச வரம்பு தனியே விதிக்கப்பட்டிருப்பதால், தம் சொந்தத் துறையில் சிறந்த மதிப்பெண் பெற்ற ஒருவரும் ஆங்கிலத்தில் ஓரிரு மதிப்பெண் குறைந்த காரணத்தால் வாசலுக்கு வெளியே நிற்க நேரிடுகிறது.

இவ்வளவு பெரிய பாரம் ஏற்றிவைக்கப்பட்ட ஒரு பாடத்துக்கு அம்மாணவர் செய்யும் பயிற்சி எத்தகையது என்று பார்த்தால், அதில் இரண்டு அங்கங்களே பிரதானமாக நிற்கின்றன. ஒன்று சொற்பட்டியல்: உயர்நிலைப் பள்ளிக்குச் சுமார் 3,500 சொற்கள் என்றும், மேற்பட்டப் பிரவேசத் தேர்வுக்குச் சுமார் 5,500 சொற்கள் என்றும் வரையறுத்த பட்டியல்கள், முன்பு புத்தகங்களாகவும் இப்போது கைபேசிச் செயலிகளாகவும் மாணவரின் கையை விட்டு அகலுவதில்லை. மற்றொன்று, பழைய வினாத்தாள்களையும் மாதிரி வினாத்தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தீர்ப்பது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பது, சரியா பிழையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, அடுத்த தாளை எடுப்பது. விடியற்காலையில் தொடங்கி இரவு நெடுநேரம் வரை நீளும் இந்த உழைப்பை நான் இகழ்ந்து பேச வரவில்லை. உழைப்பில் சீன மாணவருக்கு நிகரானவரைத் தேடித்தான் காணவேண்டும். அந்த உழைப்புக்குத் தக்க பலன் கிட்டாமற் போவதே என் வருத்தம். பயிற்சி நூல்களை இயற்றுவோர் பரீட்சையிலிருந்து தொடங்குகிறார்களேயன்றி, மாணவரின் தாய்மொழியிலிருந்து தொடங்குவதில்லை என்பதே அதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சீனத்தில் ஆங்கிலப் போதனை நேற்று வந்ததன்று. 1862-இல் பெய்ஜிங் நகரில் சிங் அரசாங்கம் நிறுவிய தோங்வென் குவான் என்னும் கலாசாலையில் முதன்முதல் போதிக்கப்பட்ட அந்நிய மொழி ஆங்கிலமே. 1950-களில் சோவியத் நட்பின் காரணமாக ருஷ்ய மொழி முன்னுக்கு வந்தது. கலாசாரப் புரட்சியின் ஆண்டுகளில் அந்நிய மொழி கற்பிப்பதே சந்தேகத்துக்குரிய காரியமாயிற்று. 1977 டிசம்பரில் காவ்காவ் மறுபடியும் நடத்தப்பட்டபோது, சுமார் 57 லட்சம் பேர் போட்டியிட்டு ஏறத்தாழ 2,70,000 பேரே இடம் பெற்றனர் என்பதிலிருந்து, அந்தத் தலைமுறை கல்விக்கு எவ்வளவு ஏங்கிக் கிடந்தது என்பதை ஊகிக்கலாம். பி.பி.சி. நிறுவனத்தார் தயாரித்த 'ஃபாலோ மீ' என்னும் ஆங்கிலப் பாடத்தை 1982-இல் சீன மத்தியத் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கியபோது, தேசத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகளே அருமையாக இருந்த அக்காலத்திலும், கோடிக்கணக்கானோர் அதன்முன் கூடி அமர்ந்தனர். அடுத்த ஆண்டு, 1983-இல், காவ்காவில் ஆங்கில மதிப்பெண் முழுமையாகக் கணக்கில் சேர்க்கப்பட்டது. 1987-இல் கல்லூரித் தேர்வின் நான்காம் நிலை வந்தது. ஆசையோடு கற்கப்பட்ட மொழி, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் மொழியாக மாறுவதற்கு ஒரு தலைமுறைக் காலமே போதுமானதாயிற்று.

இனி, சீனத் தாய்மொழியினருக்கு ஆங்கிலத்தில் ஏற்படும் சிரமங்கள் யாவை என்று பார்ப்போம். சீன மொழியில் வினைச்சொல் காலத்தைக் காட்டி உருமாறுவதில்லை. நேற்று என்றோ நாளை என்றோ ஒரு சொல்லை முன்னே வைத்துவிட்டால் காலம் விளங்கிவிடும், வினை இருந்தபடியே இருக்கும். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்ப்பதும் பொதுவழக்கன்று. எண்ணுக்கும் பெயருக்கும் இடையே, பொருளின் வடிவத்துக்கும் வகைக்கும் ஏற்ப ஓர் அளவைச் சொல்லை வைப்பதே அவர்கள் முறை. ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' என்னும் சார்புச் சொற்களுக்கு நிகரானவை அங்கே கிடையா. அவன், அவள் என்னும் இரண்டையும் 'தா' என்ற ஒரே ஒலியால் அவர்கள் சொல்லுகிறார்கள். பெண்பாலுக்குத் தனி எழுத்தொன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியூ பான்நோங் என்னும் கவிஞர் பரப்பினார் என்றாலும், அது கண்ணுக்குரிய வேறுபாடாக நின்றதேயன்றிக் காதுக்கு எட்டவில்லை. ஆகையால் பல ஆண்டு ஆங்கிலம் பயின்று உயர்ந்த தேர்வுகளில் வெற்றி பெற்ற சீனர்கூட, வேகமாகப் பேசும்போது தம் மனைவியைப் பற்றி 'ஹீ' என்று சொல்லிவிடுவதைக் கேட்கிறோம். இது அறியாமை அன்று. தாய்மொழி ஒருபோதும் கேளாத ஒரு வேறுபாட்டை, வாய் தானாகவே செய்யும்படி எவரும் அவரைப் பழக்கவில்லை என்பதே உண்மை.

இவற்றையெல்லாம்விட ஆழமானதும், பயிற்சி நூல்கள் பெரும்பாலும் தொடாததுமான ஒரு சிரமம் உண்டு. மாண்டரின் மொழியின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். மெய்யில் முடிந்தால் ன், ங் போன்ற மெல்லொலிகளில் முடியும். ஆங்கிலமோ தன் இலக்கணத்தின் முக்கியமான குறிகளைச் சொல்லின் கடைசி மெய்யில் தொங்கவிட்டிருக்கிறது: 'வாக்ட்' என்பதில் இறுதி டகரம் இறந்த காலத்தைக் காட்டுகிறது, 'ஆஸ்க்ஸ்' என்பதில் இறுதி ஸகரம் ஒருமைப் படர்க்கையைக் காட்டுகிறது. தன் மொழியில் எந்தச் சொல்லும் அவ்வாறு முடியாத ஒரு மாணவருக்கு, அந்த இறுதி ஒலிகள் காதில் விழுவதே இல்லை. காதில் விழாதது வாயில் வருவதில்லை. வாயில் வராதது எழுதும் கையிலும் நிலைப்பதில்லை. நம்மவருக்கு இது எளிதில் விளங்கும். தமிழில் வல்லின மெய் சொல்லுக்கு ஈறாவதில்லை. அதனால்தான் பேருந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நாம் 'பஸ்ஸு' என்று உகரம் சேர்த்து ஒலிக்கிறோம். நாம் உயிரைச் சேர்த்துக் காப்பாற்றிக்கொள்ளும் இறுதி மெய்யைச் சீனர் பலர் விழுங்கிவிடுகின்றனர். ஆகவே இலக்கணப் பிழை என்று சிவப்பு மையினால் கோடிடப்படுவனவற்றுள் கணிசமானவை, உண்மையில் செவிப்பிழைகளே. அவற்றைத் திருத்த நூறு வினாத்தாள் எழுதுவதைவிட, ஈறு உள்ள வாக்கியத்தையும் ஈறு இல்லாத வாக்கியத்தையும் அடுத்தடுத்து ஒலிக்கக் கேட்டு, வேறுபாட்டைச் சொல்லி, தாமே உரக்கச் சொல்லிப் பழகும் அப்பியாசம் பெரிதும் உதவும்.

வாக்கிய அமைப்புக்கு வருவோம். 'ஆயினும்' என்பதற்குரிய சொல்லை முன்வாக்கியத்தில் வைத்தால், 'ஆனால்' என்பதற்குரிய சொல்லைப் பின்வாக்கியத்தில் சேர்ப்பது சீன வழக்கு. ஆங்கிலம் இரண்டில் ஒன்றையே ஏற்கும். முற்றுப்பெற்ற பல வாக்கியங்களைக் காற்புள்ளி இட்டே தொடுத்துச் செல்வது சீன உரைநடையில் இயல்பானதும் அழகானதுமாகும். அதையே ஆங்கிலத்தில் செய்தால் பரிசோதகர் பிழை என்கிறார். பெயரை விசேஷிக்கும் வாக்கியம் சீனத்தில் பெயருக்கு முன்னே வருகிறது, நம் பெயரெச்சத் தொடரைப் போலவே. ஆங்கிலத்திலோ அது பெயருக்குப் பின்னே நீண்டு கிடக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே ஆங்கில வினாத்தாளை எழுதும் சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் இந்த ஓரிடத்தில் ஒரே வகையான தடையைத் தாண்டுகின்றனர். மற்ற இடங்களில் அவர்கள் தடைகள் வெவ்வேறு. காலம் காட்டும் இடைநிலையும் பால் விகுதியும் தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. இருவருக்கும் ஒரே பயிற்சி நூலைக் கொடுத்து ஒரே பக்கத்தை எழுதச் சொல்வது எவ்வாறு நியாயமாகும்?

இங்கே ஒரு சரித்திர விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் போன்ற ஒரு பூர்வ இலக்கணம் உள்ள நம் மொழியில், எழுவாய், பயனிலை, வேற்றுமை, எச்சம் என்பன பள்ளிச் சிறுவனுக்கும் பழகிய சொற்கள். சீனரிடம் எழுத்தைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் சொற்பொருளைப் பற்றியும் மகத்தான பண்டைய சாஸ்திரங்கள் இருந்தன. ஆனால் வாக்கிய இலக்கணத்தை முறையாக வகுத்த முதல் நூலாகக் கருதப்படுவது, பிரான்ஸில் கல்வி கற்றுத் திரும்பிய மா ஜியான்ஜோங் என்பவர் லத்தீன் இலக்கணத்தை மாதிரியாகக் கொண்டு இயற்றி 1898-இல் வெளியிட்ட நூலேயாகும். விகுதிகள் இல்லாத ஒரு மொழிக்கு விகுதி இலக்கணம் தேவைப்படவில்லை என்பதில் குறை ஒன்றும் இல்லை. எனினும் அதன் விளைவாக, இன்றும் சீன மாணவர் பலர் 'எழுவாய்', 'காலம்', 'சார்பு வாக்கியம்' என்னும் கருத்துக்களை முதன்முதலில் சந்திப்பது ஆங்கில வகுப்பில்தான். அந்நிய மொழியையும் அதை அளக்கும் அளவுகோலையும் ஒரே சமயத்தில் அவர்கள் கற்கவேண்டியிருக்கிறது.

இந்த உண்மையைச் சீன அறிஞர் அறியாதவர் அல்லர். லின் யூடாங், பிற்காலத்தில் ஆங்கில நூல்களால் உலகப் புகழ் பெற்றவர், தம் நாட்டுப் பள்ளிகளுக்காக எழுதிய ஆங்கில இலக்கணத்தில், சொல்லின் வடிவத்திலிருந்து கருத்துக்குப் போகாமல், மாணவன் மனத்தில் எழும் கருத்திலிருந்து அதைச் சொல்லும் வடிவத்துக்குச் செல்லும் முறையைக் கைக்கொண்டார். சீன இலக்கண ஆராய்ச்சியில் தலைசிறந்தவரான லியூ ஷூசியாங், 1947-இல், சீனர் ஆங்கிலம் கற்பதைப் பற்றியே தனியொரு நூல் எழுதி, இரு மொழிகளையும் ஒவ்வோரிடத்திலும் ஒப்பிட்டுக் காட்டுவதே சீன மாணவருக்கு மிகுந்த உதவி செய்யும் என்று நிறுவினார். அந்நூல் பிற்காலத்தில் திருத்தப் பதிப்பும் கண்டது. ஆனால் பரீட்சை வியாபாரம் பெருகப் பெருக, ஒப்பிட்டுச் சிந்திக்கும் அந்த மரபு ஒதுக்கப்பட்டு, எந்த நாட்டு மாணவருக்கும் பொருந்தும்படி அமைந்த நான்கு விடை வினாக்களே மலையாகக் குவிந்தன. தேர்வுக் கேள்விகளின் மேல் இருந்த வேட்கை எவ்வளவு முற்றியது என்றால், எழுதி வந்தவர்கள் வினாக்களை நினைவிலிருந்து திரட்டி வெளியிட்டு வந்த காரணத்தால், அமெரிக்காவில் மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் கணினி முறையைச் சீனம், தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் 2002-இல் நிறுத்திவிட்டு, காகிதத் தேர்வுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

சொற்பட்டியலைப் பற்றி நான் சற்று நிதானித்தே பேச விரும்புகிறேன். ஏனெனில் அதை அடியோடு கண்டிப்பவர்கள், சீன மாணவரின் நிலைமையை உணராதவர்கள். பிரெஞ்சுக்காரரோ ஸ்பானியரோ ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போது, லத்தீன் வழியாக வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் அவருக்கு முன்னமே பரிச்சயமானவை. சீனருக்கு அந்தச் சீதனம் ஏதும் இல்லை. மேலும் அவர் மொழியில் புதுச்சொற்கள் பெரும்பாலும் பழகிய எழுத்துக்களைக் கூட்டிப் பிறப்பவை: மின்சாரம், மூளை என்னும் இரண்டையும் சேர்த்தால் கணினி, மாடு, இறைச்சி என்னும் இரண்டையும் சேர்த்தால் மாட்டிறைச்சி. சில ஆயிரம் எழுத்துக்களைக் கொண்டு எந்தச் சொல்லையும் ஊகித்தறியப் பழகியவர், மாட்டுக்கு ஒரு சொல்லும் அதன் இறைச்சிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு சொல்லும் வைத்திருக்கும் மொழியில், ஒவ்வொன்றையும் தனித்தனியே நெட்டுருப் போடத் துணிவதில் வியப்பென்ன? இளமையில் ஓர் எழுத்தைப் பத்து முறை, இருபது முறை எழுதி எழுதியே தம் மொழியைக் கைவசப்படுத்தியவர்கள் அவர்கள். அதே வழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுவருகிறார்கள்.

ஆயினும் பட்டியல் கற்பிப்பது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் பொய்யை. கதவைத் திறப்பதற்கும், விளக்கைப் போடுவதற்கும், மோட்டாரை ஓட்டுவதற்கும், கூட்டம் நடத்துவதற்கும் சீனத்தில் 'காய்' என்ற ஒரே வினை போதும். பட்டியலிலிருந்து அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லை ஒன்றே ஒன்றாகக் கற்ற மாணவர், விளக்கையும் 'திறக்க'த்தான் செய்வார். சொல்லை அதன் உறவினரோடு சேர்த்து அறிமுகம் செய்ய வேண்டும்: எந்த வினையோடு எந்தப் பெயர் கூடும், எந்த முன்னிடைச் சொல் தொடரும் என்பதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டி, மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் வெவ்வேறு வாக்கியங்களில் மறுபடி சந்திக்கச் செய்யவேண்டும். லத்தீன், கிரேக்க வேர்களைக் கொண்டு சொற்களைப் பகுத்துக் கற்பிக்கும் முறை சீனத்தில் செல்வாக்குப் பெற்றிருப்பது நல்ல காரியம்; எழுத்துக்களைக் கூட்டிப் பொருள் காணும் அவர்கள் மனப்பழக்கத்துக்கு அது இசைந்தது. தினம் ஐம்பது சொல் என்ற கணக்கைவிட, வேரோடும் தோழரோடும் கற்ற பத்துச் சொற்கள் பரீட்சை மண்டபத்தில் அதிகமாகக் கைகொடுக்கும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

வினாத்தாள் அமைப்போர் இந்தக் குறைகளை உணர்ந்து சில நல்ல மாற்றங்களைச் செய்திருக்கின்றனர் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். புதிய காவ்காவ் தாள்களில் தனித்தனி வாக்கியங்களைக் கொண்ட இலக்கணத் தேர்வு வினாக்கள் நீக்கப்பட்டு, ஒரு பத்தியின் இடையே கோடிட்ட இடங்களை உரிய வடிவத்தால் நிரப்பும் பயிற்சி வந்துள்ளது. கதையின் ஒரு பகுதியைக் கொடுத்து, அதன் தொடர்ச்சியை இரண்டு பத்தியில் எழுதச் சொல்லும் 25 மதிப்பெண் வினாவும் வந்துள்ளது. 2016-இல் ஜெஜியாங் மாகாணத்தில் தொடங்கிய அவ்வினா, மாணவரின் கற்பனைக்கும் மொழிக்கும் ஒருங்கே இடம் தருவது. ஆனால் அதையும் பழைய பயிற்சி முறை விழுங்கப் பார்க்கிறது. கண்ணீர் பெருகியது, இதயம் படபடத்தது என்பன போன்ற ஆயத்தத் தொடர்களை உருப்போட்டு எந்தக் கதையிலும் பொருத்தும் வழக்கம் பரவிவருகிறது. அச்செழுத்தைப் போல வட்டமாகவும் சீராகவும் ஆங்கிலம் எழுதும் கையெழுத்து முறை ஒன்று, ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுயி நகரின் பெயரால் வழங்கி, பரிசோதகரின் கண்ணுக்கு இனிமை செய்வதற்காகவே தேசமெங்கும் பயிலப்படுகிறது. அந்தக் கையெழுத்தில் செலவாகும் நாழிகைகளை ஒரு சொந்த வாக்கியம் எழுதுவதில் செலவிட்டால் எத்தனை நன்மை உண்டாகும்!

ஆங்கிலத்துக்குரிய முக்கியத்துவத்தைக் குறைத்துவிடுவதே வழி என்று வாதிப்போரும் அங்கே உண்டு. 2013-இல் பெய்ஜிங் நகர நிர்வாகம், காவ்காவில் ஆங்கிலத்தின் மதிப்பெண்ணை 150-லிருந்து 100 ஆகக் குறைக்கும் யோசனையை வெளியிட்டது. 2021-இல் ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கும்படி ஓர் ஆலோசனை சபை உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்தார். 2023-இல் சியான் ஜியாவ்தோங் சர்வகலாசாலை, பட்டம் பெறுவதற்குக் கல்லூரி ஆங்கிலத் தேர்வு அவசியம் என்ற நிபந்தனையை நீக்கிவிட்டது. பட்டத்துக்கும் தேர்வுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் பாடத்தையே சுருக்குவது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆங்கிலத்தை உரியதாக்கிவிடும்; கிராமத்துப் பள்ளியில் படிக்கும் ஏழை மாணவனுக்கு அரசாங்கப் பள்ளியை விட்டால் ஆங்கிலம் கற்க வேறு வாயில் ஏது?

மருந்து வேறிடத்தில் இருக்கிறது. அதுவும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பிழைத்த வினாக்களைத் தனி ஏட்டில் எழுதிவைத்து மறுபடி பார்க்கும் பழக்கம் சீன மாணவரிடையே வெகுவாக உண்டு. மிக உயர்ந்த பழக்கம் அது. அந்த ஏட்டில் சரியான விடையின் எண்ணை மட்டும் குறிக்காமல், தன் தாய்மொழியில் அந்த எண்ணம் எவ்வாறு அமைந்திருந்தது, ஆங்கிலம் எவ்விடத்தில் அதிலிருந்து பிரிந்தது என்பதை ஒரு வரியில் எழுதும்படி உபாத்தியாயர்கள் பழக்கினால், ஓராண்டில் ஒவ்வொரு மாணவனும் தனக்கே உரிய ஒப்பியல் இலக்கணம் ஒன்றை இயற்றியவனாவான். ஷாங்காய் நகரத்துக் காவ்காவ் தாளிலும், தைவானின் சர்வகலாசாலைப் பிரவேசத் தேர்விலும், சீன வாக்கியத்தை ஆங்கிலமாக்கும் வினா இடம்பெற்றுள்ளது. கல்லூரி ஆங்கிலத் தேர்வில் 2013 டிசம்பர் முதல் ஒரு முழுப் பத்தியை மொழிபெயர்க்கும் வினாவுக்கு நூற்றுக்குப் பதினைந்து பங்கு மதிப்பெண் அளிக்கப்படுகிறது. நான்கு விடைகளின் நிழலில் ஒளிந்துகொள்ள இடமில்லாத அவ்வினாவில், இரு மொழிகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. மாணவர் அறிந்ததும் அறியாததும் அங்கே வெளிப்பட்டுவிடுகின்றன. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே பள்ளிகள் கற்பிக்கும் என்பதை நன்கறிந்த பெய்ஜிங் கல்வி அமைச்சினர், தேசியக் காவ்காவ் தாளிலும் அத்தகைய மொழிபெயர்ப்பு வினா ஒன்றைத் தக்க மதிப்பெண்ணோடு சேர்க்கவேண்டும். பயிற்சி நூல் எழுதுவோர், லியூ ஷூசியாங் காட்டிய வழியை மறுபடியும் மேற்கொள்ளவேண்டும்.